சமையல்கட்டில் வாசல் தேடிய அம்மாள்

காஜாக்கா என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். தையல் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் சட்டைகளுக்குப் பொத்தான் துளை கட்டி, பொத்தான் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். தையல்காரர்கள் அதைக் காஜா எடுப்பது என்பார்கள். அந்தத் தொழிலே அவளுக்குப் பெயராகவும் ஆகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு ஊசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் தைக்கும் சட்டையை யார் போடப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் கடைசிப் பொத்தானில் நூலை அறுத்து, சட்டையை மடிக்கும்போது, "இதைப் போட்டுக்கிறவன் நல்லா இருக்கட்டும்" என்று மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பாள். படுக்கப் போகும் முன் சொல்லும் பிரார்த்தனையும் அதே மாதிரிதான். "இந்தக் கூரைக்குக் கீழ இருந்தவங்க, இருக்கிறவங்க, இனிமே வரப்போறவங்க எல்லாரையும் காப்பாத்து, ஆண்டவனே."

அவள் புருஷன் ஒரு அச்சகத்தில் புத்தகம் கட்டுகிறவர். அவரை எல்லாரும் பைண்டர் என்பார்கள். அவருக்கு எதையும் கிண்டல் பண்ணாமல் இருக்க முடியாது.

"இருக்கிறவங்களைக் காப்பாத்தட்டும், சரி. இருந்தவங்க யாருன்னு உனக்குத் தெரியுமா? திருடனா இருந்தா?"

"திருடனா இருந்தாலும் காப்பாத்தட்டுமே. உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

அவர்கள் வாங்கியிருந்த அந்தப் பழைய வீடு கொஞ்சம் கோணல் புத்திக்கார வீடு. தெருவைப் பார்த்த முன் கூடம் சின்னது, தரை வெறும் சிமெண்டு. கடைசியில் இருக்கும் சமையல்கட்டோ கல்யாணப் பந்தி போடலாம் போல அவ்வளவு பெரியது. தரையில் பூப்போட்ட கல் வேறு. எல்லா அறையிலும் ஒரு மூலையில், அடைத்துப் போட்ட ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். சுண்ணாம்பு உரிந்தால் உள்ளே இடுப்பு உயரத்துக்குப் பச்சை வண்ணம் தெரியும். "கட்டினவனுக்குக் கிறுக்கு. இல்லைன்னா முன்னாடி இருந்தது வாத்துக் குடும்பம். அறைக்கு அறை தண்ணி கேட்டிருக்கு" என்று பைண்டர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு புதன்கிழமை, வெயில் ஏறிய நேரம். காஜாக்கா முன் கூடத்தில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். வீடு வீடாகத் துணி வாங்கித் தேய்த்துக் கொடுக்கும் இஸ்திரிக்காரர் வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் ஒரு வயதான அம்மாள்.

"அக்கா, உங்க வீட்டுக்கு வந்தவங்க. வாசல் தெரியாம சுவரைத் தடவிக்கிட்டு நின்னாங்க. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"எங்க வீட்டுக்கா? யாருன்னு தெரியலையே தம்பி."

"இதுதான் எங்க இடம்னு அடிச்சுச் சொல்றாங்க. நீங்களே கேட்டுக்கோங்க. பெட்டி சூடா இருக்கு, நான் வர்றேன்."

அவர் போய்விட்டார். அந்த அம்மாளுக்கு எழுபத்தைந்துக்குக் குறையாது. துவைத்த புடவை, வாரிய தலை. அநாதையாய்த் திரிகிறவள் மாதிரி இல்லை. ஆனால் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. முந்தானை நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"உக்காருங்கம்மா" என்று காஜாக்கா சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள் செருப்பைக் கழற்றி விட்டு, சத்தம் வராமல் அடிமேல் அடி வைத்து, கூடத்தைத் தாண்டி, நடு அறையைத் தாண்டி, நேரே சமையல்கட்டுக்குப் போனாள். கடைசிச் சுவரை அடுப்பு மேடைக்கு மேலே இரண்டு கையாலும் தடவினாள். பிறகு திரும்பி, குழம்பிப் போன முகத்தோடு கேட்டாள்.

"அக்கா, கதவை எங்க வெச்சீங்க?"

காஜாக்காவுக்கு ஐம்பது நடக்கிறது. எழுபத்தைந்து தன்னை அக்கா என்று கூப்பிடுகிறது.

"கதவு அந்தப் பக்கம்மா. நீங்க வந்தீங்களே, அதுதான்."

"அது பின்னாடிக் கதவு" என்றாள் அந்த அம்மாள். அரிசி டிரம் இருந்த இடத்தைக் காட்டி, "என் இடம் இதுதானே?" என்று கேட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, எழுந்துடுச்சா?" என்றாள்.

"எது எழுந்துடுச்சா?"

"தூங்கட்டும், தூங்கட்டும்" என்று வாயில் விரலை வைத்தாள்.

சாயங்காலம் பைண்டர் கையெல்லாம் பசையோடு வந்தார். தன் சமையல்கட்டில் ஒரு புது ஆள் அரிசி டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார்.

"யாரும்மா இது?"

"தெரியலைங்க. இது அவங்க இடமாம்."

"எது?"

"இந்த வீடு."

பைண்டருக்குக் கிண்டல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. மனைவியை நடு அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "இங்க பாரு, எவனோ பின்னாலிருந்து அனுப்பியிருக்கான். இன்னைக்கு உக்காருவாங்க, நாளைக்கு வக்கீலோட வருவாங்க. நம்ம பாடு அதோகதிதான்."

"பாவம், அவங்களைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

"பார்த்தா தெரியுமா? பார்த்துத் தெரியாத மாதிரி ஆளாப் பார்த்துத்தான் அனுப்புவான்."

அப்போது உள்ளேயிருந்து அந்த அம்மாள் குரல் வந்தது. "அக்கா, என்னை வீட்டுக்கு எப்போ விடுவீங்க?"

பைண்டர் திகைத்தார். "நாங்க எங்கம்மா உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கோம்? தாராளமா போங்க."

"இவங்க யாரு, அக்கா? ஆம்பளைங்க உள்ள வரலாமா?"

சொந்த வீட்டில் பைண்டருக்கு அப்படி ஒரு மரியாதை. அன்று அவர் கூடத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் காஜாக்கா அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். ஏட்டு நல்ல மனுஷன்தான். பெயரைக் கேட்டார். முந்தானையைச் சுற்றிக்கொண்டாள். வீடு எங்கே என்று கேட்டார். "அக்கா வீட்டுல கட்டில் போட்டிருக்காங்க" என்றாள். பிள்ளைகள் யார் என்று கேட்டார். "தூங்குது" என்றாள். ஏட்டு பேனாவை மூடி வைத்தார்.

"படம் எடுத்து எல்லா நிலையத்துக்கும் அனுப்பறேன்மா. காணாமப்போனவங்க படம் எங்ககிட்ட ஏற்கெனவே குவிஞ்சு கிடக்கு. பொருந்தினா சொல்றேன். திங்கட்கிழமை காலையில யாரும் வரலைன்னா காப்பகத்து வண்டியை வரச் சொல்லிடுவேன். அதுக்கு மேல உங்க வீட்டுல வெச்சுக்கக் கூடாது. சட்டம்."

"காப்பகத்துல பாத்துக்குவாங்களா அய்யா?"

"பாத்துக்குவாங்க" என்றார் ஏட்டு. ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அப்படிப் பார்க்காமல் சொன்னதுதான் காஜாக்காவைத் தைத்தது. வரும் வழியெல்லாம் யோசித்தாள். பைண்டரிடம் சொன்னாள். "இது அவங்க இடம்னு சொல்றாங்க. அப்படின்னா ஒரு காலத்துல இங்க இருந்திருக்காங்க. இங்க இருந்தவங்க யார் யாருன்னு ஒவ்வொருத்தரா பின்னாடி பின்னாடி போய்க் கேட்டா, எங்கேயாவது ஒரு இடத்துல 'அட, எங்க அம்மா!'ன்னு ஒருத்தர் சொல்ல மாட்டாங்களா?"

பைண்டருக்கும் அது நியாயமாகப் பட்டது. வக்கீல் வருவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லதுதானே என்று அவர் கணக்கு.

வீட்டை அவர்களுக்கு விற்றவர் சோடாக்காரர். அப்பா காலத்தில் அங்கே சோடா ஃபேக்டரி நடந்தது. இப்போது அவர் ஊருக்கு வெளியே குளிர்பானக் கிடங்கு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காஜாக்கா கிடங்குக்குப் போய், தன் போனில் பிடித்திருந்த படத்தைக் காட்டினாள்.

"இந்த அம்மாவா? எங்க வீட்டுல இந்த ஜாடையில யாரும் கிடையாது. எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் மூக்கு இப்படி" என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். உண்மைதான். அது பாட்டிலின் மேல் வைத்த மூடி மாதிரி இருந்தது.

"வேலைக்கு வந்தவங்க யாராவது?"

"பாட்டில் கழுவறதுக்கு ஆம்பளைங்கதான். ஒன்னு பண்ணுங்க. எங்க அப்பா வாங்கறதுக்கு முன்னாடி அங்க டைப்ரைட்டிங் சொல்லிக் குடுத்தாங்க. அந்த மாஸ்டர் இருக்கார், மகன் வீட்டுல. அங்க படிக்க வந்ததே முக்கால்வாசிப் பொண்ணுங்கதான். போய்க் கேளுங்க."

சனிக்கிழமை அவள் அந்த அம்மாளையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடி. மாஸ்டர் ஒல்லியாக, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுப் பேசுகிறவர். ஒரு பழைய டைப்ரைட்டரை இன்னும் துணி போட்டு மூடி வைத்திருந்தார். அந்த அம்மாளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்கிட்டப் படிச்ச பொண்ணா இருந்தா முகத்துல தெரியாது. விரல்ல தெரியும். உக்காரச் சொல்லுங்க."

துணியை எடுத்து, அம்மாளை இயந்திரத்தின் முன் உட்கார வைத்தார்கள். "கையை வைம்மா. சுண்டு விரல் எங்க போகும்?" என்றார், நேற்றுத்தான் வகுப்பில் சேர்ந்தவளிடம் கேட்பது போல.

அந்த அம்மாள் கையை வைத்தாள். சுண்டு விரலும் போகவில்லை, எந்த விரலும் போகவில்லை. உள்ளங்கையை எழுத்துகளின் மேல் பரப்பி வைத்து, மெல்ல, ஒரே சீராக, தட்டித் தட்டிக் கொடுத்தாள். "ஷ்ஷ்… ஷ்ஷ்…" என்றாள்.

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க இது? நான் சொல்லிக் குடுத்தது இப்படி இல்லையே."

காஜாக்காவுக்கும் புரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. சோடாக்காரர் வீட்டு மூக்கும் இல்லை, மாஸ்டர் வகுப்பு விரலும் இல்லை. அப்புறம் எந்தக் கணக்கில் இது இவள் இடம்?

"மாஸ்டர், உங்களுக்கு முன்னாடி யார் இருந்தாங்க?"

"அது தெரியாதும்மா. பூட்டிக் கிடந்த வீட்டைத்தான் ஒரு புரோக்கர் காட்டினார். உள்ள ஒரே பச்சைச் சுவரு. மூலைக்கு மூலை கை கழுவற தொட்டி. நானே எடுத்துப் போட்டேன். பினாயில் வாடை போறதுக்கே ஒரு மழைக்காலம் ஆச்சு. வாசல்ல பலகை மாட்டினா, அதுக்கு எதுத்தாப்ல மருந்துக்கடைக்காரர் பலகை. ரெண்டு பலகையும் மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்துக்கிட்டு நிக்கும். சந்து அவ்வளவு குறுகல்."

"சந்தா? எங்க வீட்டு வாசல் பெரிய தெருவுல இல்ல இருக்கு?"

"சோடா லாரி சந்துக்குள்ள வராதுன்னு சோடாக்காரரோட அப்பா வாசலை அடைச்சிட்டு, பின்பக்கத்தை உடைச்சுப் பெரிய தெருப் பக்கம் திறந்தாரு. எங்க காலத்துல சந்துதான் முன்பக்கம். பூப்போட்ட தரை போட்ட பெரிய கூடம் இருக்குமே, அதுதான் நுழைஞ்ச உடனே வர்ற கூடம்."

காஜாக்காவுக்குத் தலை சுற்றியது. தலை சுற்றியது என்றால் சும்மா இல்லை, வீடே அவள் மண்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, முன்பின்னாகத் திரும்பி நின்றது. இத்தனை வருஷமும் கூடத்தில் சமைத்து, கொல்லையில் உட்கார்ந்து பொத்தான் தைத்திருக்கிறாள்! இந்த அம்மாள் தடவியது சுவரை இல்லை, வாசலை.

திரும்பி வரும்போது ஆட்டோவிலிருந்தே சோடாக்காரருக்குப் போன் போட்டாள். "வாசலை மாத்தினதை நீங்க சொல்லவே இல்லையே?"

"நீங்க ஆளைப் பத்திக் கேட்டீங்க, வாசலைப் பத்தி எங்கம்மா கேட்டீங்க?" என்றார் அவர், வருத்தத்தோடு.

வழியில் இஸ்திரிக்காரர் தென்பட்டார். வண்டியை நிறுத்தச் சொல்லி அவரையும் கேட்டாள். "தம்பி, அன்னைக்கு இவங்க எந்தச் சுவரைத் தடவிக்கிட்டு நின்னாங்க?"

"சந்துப் பக்கம்தான் அக்கா. நான் அங்க துணி வாங்கப் போனப்ப. உங்க வீட்டு முதுகுன்னு எனக்குத் தெரியும், அதான் சுத்திக் கூட்டிட்டு வந்தேன். ஏன் அக்கா, தப்பா?"

"தப்பு இல்லை தம்பி" என்றாள். ஆனால் எது சரி, எது தப்பு என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் அந்த அம்மாள் அடுப்பு மேடைக்கு மேலே சுவரைத் தட்டித் தட்டி அழ ஆரம்பித்தாள். சத்தம் போடாத அழுகை. "கூட்டிட்டுப் போக வந்திருப்பாங்க அக்கா. கதவு இல்லைன்னு திரும்பிப் போயிடுவாங்க." வக்கீல் பயத்தை எல்லாம் மறந்து பைண்டரே ஒரு டம்ளர் பாலை ஆற்றிக்கொண்டு வந்து, ஆம்பளை உள்ளே வரக் கூடாது என்பது ஞாபகம் வந்து, நிலைப்படியிலேயே நின்று மனைவியிடம் நீட்டினார்.

அன்றைய பிரார்த்தனையில் காஜாக்காவுக்கு வார்த்தை வரவில்லை. இருந்தவங்க என்று ஆரம்பித்தாள். யார் இருந்தவங்க? தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள ஒன்றுமே தெரியாமல் போகிறதே. கடைசியில், "ஆண்டவனே, எனக்குப் புரியலை. உனக்காவது புரியுதா?" என்று கேட்டுவிட்டுப் படுத்தாள். அவள் அப்படிக் கேட்டது மரியாதைக் குறைவு இல்லை. பெற்றவரிடம் பிள்ளை கேட்பது மாதிரி கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் வண்டி வந்துவிடும். அந்த அம்மாளைப் பைண்டரின் பொறுப்பில் விட்டுவிட்டு, காஜாக்கா சந்துக்குப் புறப்பட்டாள். ஒரே வீட்டின் இரண்டு பக்கம்தான், ஆனால் பேருந்து நிறுத்தம் தாண்டி, பள்ளிக்கூடச் சுவர் தாண்டி, முழு வளைவு சுற்றிப் போக வேண்டும். அந்தச் சந்துக்கு அவளுக்கு வேலையே இருந்ததில்லை. தன் வீட்டை அந்தப் பக்கத்திலிருந்து இப்போதுதான் நின்று பார்க்கிறாள்.

மொட்டைச் சுவர். உயரத்தில் அவள் சமையல்கட்டின் சின்ன ஜன்னல். ஆனால் உற்றுப் பார்த்தால் சுவரின் நடுவில் கதவளவுக்குப் பூச்சின் நிறம் மாறியிருந்தது. கீழே தேய்ந்த ஒற்றைக் கல்படி, எங்கேயும் போகாத படி. அந்தப் படியில் ஏறி, சுவருக்குள் புகுந்து நடப்பதாக மனசில் நினைத்துப் பார்த்தாள். நுழைந்ததும் பெரிய கூடம். இடது கைப் பக்கம் அரிசி டிரம். "என் இடம் இதுதானே?"

எதிரே மருந்துக்கடை திறந்திருந்தது. உள்ளே வழுக்கைத் தலையும் தடித்த கண்ணாடியுமாகக் கடைக்காரர்.

"அய்யா, இந்தச் சுவருக்குப் பின்னாடி, ரொம்ப முன்னாடி, யார் குடியிருந்தாங்க?"

"குடியிருந்தாங்களா?" கடைக்காரர் சிரித்தார். "யாரும் குடியிருக்கலைம்மா. அது பிரசவ ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரம்மா நடத்தினாங்க. எங்க அப்பா கடை வெச்சதே அதை நம்பித்தான். எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல பாதிப் பேர் அந்தச் சுவருக்குப் பின்னாடி பொறந்தவங்க. நான் உள்பட."

காஜாக்கா படிக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அறைக்கு அறை குழாய். இடுப்பு உயரப் பச்சை. சத்தம் வராத நடை. ஆம்பளைங்க உள்ள வரலாமா. எழுந்துடுச்சா. என்னை வீட்டுக்கு எப்போ விடுவீங்க. டைப்ரைட்டரைத் தட்டிக் கொடுத்த அந்தக் கை. பிரசவ அறையில் வேலை பார்த்த யாரோ ஒரு ஆயாவைத்தான் அந்த அம்மாள் இவ்வளவு நாளும் அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

இருந்தவங்களையே தேடித் தேடி ஓடினோமே, இவள் இங்கே இருந்தவளே இல்லையே, வந்து பிள்ளை பெற்றுக்கொண்டு போனவள்! புரிந்ததும் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஒரு குடும்பத்தைத் தேடினால் கண்டுபிடிக்கலாம். பாதி ஊர் பிறந்த இடம் என்றால் எங்கே போய் யாரைக் கேட்பது?

"என்னம்மா ஆச்சு? ஏன் எல்லாரும் இந்தச் சுவரைப் பார்த்து இப்படி ஆயிடறீங்க?" என்றார் கடைக்காரர். "அன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்க, அவங்களும் இப்படித்தான் தலையில கை வெச்சாங்க."

"எந்த அம்மா?"

"புதன்கிழமை. அன்னைக்கு நான் சாயங்காலம்தான் கடை திறந்தேன், திறந்ததும் வந்தாங்க. காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு, பள்ளிக்கூட வேன் ஓட்டறவங்களாம். அவங்க அம்மா காலையில வீட்டை விட்டுப் போயிட்டாங்களாம், ஞாபகம் சரியில்லாதவங்க. அம்மா குடியிருந்த வீடு ஒன்னு விடாம தேடிட்டு, கடைசியில, 'நான் பொறந்த இடம்னு அம்மா பஸ்ல போறப்ப எல்லாம் இந்தச் சந்து முனையைக் காட்டுவாங்க'ன்னு வந்தாங்க. வாசலே இல்லாத இடத்துக்கு அவங்க எப்படி வருவாங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். பார்த்தா சொல்லுங்கன்னு படம் குடுத்துட்டுப் போனாங்க."

அவர் போனில் படத்தைக் காட்டினார். காஜாக்கா குனிந்து பார்த்தாள். படத்தில் இருந்தது வேறு யாரோ. பூசினாற்போன்ற உடம்பு, பெரிய கண்ணாடி, சிரிப்பு. "இது இல்லைங்க" என்றாள். ஏட்டும் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இப்படித்தான் தள்ளி வைத்திருப்பார். போனைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், ஒரு நிமிஷம் நின்றாள். படத்துக் கையில், ஆள்காட்டி விரலில், முந்தானை நுனி சுற்றியிருந்தது.

"இது பழைய படம். போன் போடுங்கய்யா" என்றாள். "சீக்கிரம் போடுங்க."

வேன் சந்துக்குள் வரமுடியாமல் முனையில் நின்றது. காக்கிச் சட்டைக்காரி ஓடி வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், நாலு நாளாய்த் தூங்காத கண். சட்டையில் மேல் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அவசரத்திலும் காஜாக்காவின் கண் அதில்தான் முதலில் போய் விழுந்தது. தொழில் புத்தி.

"எங்க இருக்காங்க? எங்க அம்மா எங்க?"

"உள்ளதான்மா இருக்காங்க, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். வாசல் பெரிய தெருவுல இருக்கு. வா, சுத்திப் போகணும்."

"இதுக்குப் பின்னாடியா? நான் இங்க வந்தேனே! இதே இடத்துல நின்னேனே!"

அவளுக்குச் சுற்றிப் போகப் பொறுமை இல்லை. படிக்கல்லில் ஏறி, சுவரில் இரண்டு கையையும் வைத்து, தலையை நிமிர்த்தி அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "அம்மா! அம்மா!"

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். பைண்டர், "மெதுவாங்க, மெதுவாங்க, அடுப்பு இருக்கு" என்று பதறுவது கேட்டது. பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம், அடுப்பு மேடைக்கு மேலே, அந்தக் கை தட்டியது. அதோடு அந்தக் குரல், இத்தனை நாளில் முதல் தடவையாகச் சத்தமாக.

"அக்கா! எழுந்துடுச்சு! குரல் கேக்குது, எழுந்துடுச்சு!"

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பெரிய தெரு வழியாகப் போய்ச் சேர்ந்து, மகள் அம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். காலையில் அவள் வேன் எடுக்கப் போன நேரத்தில் அம்மா தன் செருப்பு ஒன்றும் மகள் செருப்பு ஒன்றுமாக மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். ஏட்டுக்குத் தகவல் சொல்லி, சாப்பிட வைத்து, மறுக்க மறுக்கக் காக்கிச் சட்டைப் பொத்தானையும் காஜாக்கா தைத்து முடித்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பார்த்தால், அம்மாள் கிளம்ப மறுத்தாள். முன் கூடம் வரைக்கும் வந்து, கதவைப் பார்த்து, "இது பின்னாடிக் கதவு. குழந்தையோட முன்னாடிதான் போவேன்" என்று திரும்பிச் சமையல்கட்டுக்கே போய்விட்டாள்.

"இடிச்சுடட்டுமா?" என்றார் பைண்டர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

"வேண்டாங்க" என்ற காஜாக்கா, அம்மாளின் தோளைத் தொட்டாள். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. இது பொய்யா என்றும் தெரியவில்லை. "அம்மா, முன்பக்கம் பூச்சு வேலை நடக்குது. பின்னாடியா சுத்திப் போய் முன்வாசல்ல நிப்போம். நான் கூட வர்றேன்."

அக்கா சொன்னதால் அம்மாள் வந்தாள். நால்வரும் பேருந்து நிறுத்தம் தாண்டி, பள்ளிக்கூடச் சுவர் தாண்டி, சந்துக்கு வந்து அந்தப் படிக்கல்லின் முன் நின்றார்கள். அம்மாள் மொட்டைச் சுவரைப் பார்த்தாள். குழம்பினாள். ஏதோ கேட்க வந்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, ஒரு கையை அவள் பிடரிக்குக் கொண்டுபோய், விரல்களை விரித்து, தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

"கழுத்து இன்னும் நிக்கலை, அக்கா. பார்த்துத்தான் தூக்கணும், இல்லையா?"

"ஆமாம்மா, பார்த்துத் தூக்கிட்டுப் போங்க" என்றாள் காஜாக்கா.

நரைத்த தலையை அம்மாவின் உள்ளங்கையில் சாய்த்தபடி, குனிந்து குனிந்து, மகள் வேன் வரைக்கும் நடந்தாள். நிமிரவே இல்லை.

வேன் போன பிறகு பைண்டர் மெல்லக் கேட்டார். "இன்னைக்கு யாருக்குன்னு வேண்டிக்குவே? பாதி ஊரு இங்க பொறந்திருக்காம்."

"அதான் எனக்கும் தெரியலைங்க."

இருவரும் வளைவைச் சுற்றி வீட்டுக்கு நடந்தார்கள். பெரிய தெரு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை உள்ளே வைக்கப் போனவள், நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். வீட்டுக்குள் போகிறோமா, வீட்டை விட்டு வெளியே வருகிறோமா என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.